மகேசன் கொண்டுவந்த செவ்வரத்தைத் தடிகள்

மகேசன் என்ற பெயரை இராசமலர் முதன்முதல் கேட்டது தொண்ணூற்றிநாலாம் ஆண்டு வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். அப்போது அவள் பள்ளிக்கூட மண்டபத்துக் குசினியில், அடிப்பிடித்த பொங்கல் அண்டாவுக்குள் தோள்வரை கையை விட்டுச் சுரண்டிக்கொண்டு நின்றாள். ஊரை விட்டு வந்த தமிழாக்களுக்கு அந்த நாளில் இங்கே சொந்தமாக ஒரு கோயில் இல்லை. வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மேசையில் படங்களை வைத்துப் பூசை செய்து, பிறகு எல்லாவற்றையும் கூட்டிக் கழுவி, பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பூசை கெதியாக முடிந்துவிடும். கழுவுகிற வேலைதான் முடியாது.

பக்கத்தில் நின்று தட்டுத் துடைத்த சுகந்தினி கதையோடு கதையாகச் சொன்னாள்:

"ரானுயியிலை புதுசா ஒருத்தர் வந்திருக்கிறார் அன்ரி. மகேசனாம், கரவெட்டியாம். பூக்கண்டு வளர்த்துக் கடையளுக்கு அனுப்புற நேர்சரியிலை வேலை. களைச்சுப்போய் வாறபடியாலை பூசைக்கு வாறதில்லையாம்."

"கரவெட்டியிலை ஆற்றை மோன், எந்தக் குடும்பம்?"

"அது எனக்கு என்னெண்டு தெரியும்? நான் பிறந்தது கொழும்பு."

"பெயரை மட்டும் தெரிஞ்சு வைச்சு என்ன செய்யிறது," என்று அலுத்துக்கொண்டு இராசமலர் அண்டாவைக் கவிழ்த்தாள்.

அவள் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் ஆருக்கு ஆர் என்ன முறை, ஆருடைய கலியாணத்தில் ஆர் கோபித்துக்கொண்டு பந்தியில் இருந்து எழும்பிப் போனது என்பதெல்லாம் அவளிடம் கேட்டால் ஐந்து தலைமுறைக்கு வரும். அந்தக் கிழமையே மூன்று வீட்டுக்கு டெலிபோன் எடுத்தாள். மூன்றாவது வீட்டில் பிடி கிடைத்தது. நாலாவதாக மகேசனுக்கே எடுத்துவிட்டாள்.

"தம்பி, நான் லின்ஃபீல்டிலை இருந்து இராசமலர் கதைக்கிறன். உன்ரை அப்பாவின்ரை தாயும் என்ரை அம்மாவும் தமக்கை தங்கச்சியின்ரை பிள்ளையள். நான் உனக்கு மாமி."

அந்தப் பக்கத்தில் இருந்து, "எனக்கு இந்த ஊரிலை ஒரு மாமி இருக்கிறா எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை," என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரானுயியில் ரயில் ஏறி, நகரத்தில் இறங்கி, பஸ் பிடித்து, மத்தியானம் போல வந்து சேர்ந்தான். நாற்பத்திரண்டு வயதுக்கு ஐம்பத்திரண்டு என்று சொல்லலாம். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவனாம். மண்ணைத் தொட்டதே இல்லையாம். இப்போது விரல்நுனியெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் கறுப்பு மண் ஏறி, எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாத கை.

அந்த வீடு இராசமலரின் மகன் ஆரணன் தாய் தகப்பனுக்கு வாங்கிக் கொடுத்தது. சரிவான நிலம், வடக்குப் பார்த்த முன்பக்கம். பூமியின் தென்கோடியில் இருக்கிற இந்த நாட்டில் வெயில் வடக்குப் பக்கத்தால் வருவதால் விடிந்ததிலிருந்து பொழுது படும்வரை முற்றத்தில் வெயில் நிற்கும். அந்த வெயிலை நம்பி இராசமலர் கடையில், இந்தியாக்காரர் செம்பருத்தி என்று சொல்கிற செவ்வரத்தை இரண்டும் அலரி இரண்டும் வாங்கி நட்டிருந்தாள். ஊரில் என்றைக்கும் பச்சையாக நின்று வருசம் பூராவும் பூக்கிற மரங்கள். ஆனால் அங்கே இலை மஞ்சளாகி, அரை உயிரில் நின்றன. ஒவ்வொன்றைச் சுற்றியும் வட்டமாக வரம்பு கட்டி, அழகாகப் பாத்தி பிடித்து வைத்திருந்தாள்.

மகேசன் குந்தியிருந்து பாத்திக்குள் விரலை விட்டான். தண்ணீர் நின்றது.

"மாமி, கிணத்துத் தண்ணி ஓடிப்போகாமல் மறிச்சு வைக்கத்தானே ஊரிலை பாத்தி கட்டினது. இஞ்சை மழை. இது களிமண். உள்ளுக்கை போன தண்ணி வெளியிலை போகாது. வேர் மூழ்கிச் சாகுது. பள்ளம் வைக்காதேங்கோ, மேடு வையுங்கோ."

வாசலில் நின்ற அவளுடைய புருசன் தியாகலிங்கத்தாருக்கு அதைக் கேட்டதில் பெரிய சந்தோசம். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். "நான் ஒரு வருசமாய்ச் சொல்லுறன் மகேசன். மழையுக்கை குடையும் பிடிச்சுக்கொண்டு நிண்டு பூக்கண்டுக்குத் தண்ணி விடுறா. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் மனிசியைக் கூப்பிட்டுக் காட்டுறான்."

"நீங்கள் வாயை மூடுங்கோ," என்றாள் இராசமலர்.

அன்றைக்கே அவன் மண்வெட்டியை வாங்கி நாலையும் கிளப்பினான். இரண்டின் வேர் கறுத்து நாறியது. அதை எறிந்தான். மற்ற இரண்டுக்கும் மரப்பட்டைத் தூளும் மண்ணும் கலந்து முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி நட்டான். "வெயில் இருக்கு மாமி. வெயில் இருந்தால் மிச்சத்தைச் சமாளிக்கலாம்," என்றான். சாப்பிட்டு எழும்பிக் கதிரையில் இருந்தவன், தியாகலிங்கத்தார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருக்கும்போதே நித்திரையாகிவிட்டான். வாய் திறந்தபடி. இராசமலர் ஒரு போர்வையைக் கொண்டுவந்து போட்டாள்.

அப்படித்தான் மாதத்தில் ஒரு ஞாயிறு என்று வழக்கமாயிற்று. வருவான், முற்றத்தில் ஏதாவது செய்வான், சாப்பிடுவான், கதிரையில் நித்திரை கொள்வான், பொழுதுபட முதல் எழும்பிப் போவான். அதற்கிடையில் வாய் திறந்தால் இரண்டே கதை. ஒன்று வேலை. "ஒரு நாளைக்கு ஆயிரம் பூச்சாடி மாமி. ஒவ்வொரு கண்டிலையும் நுனி கிள்ளவேணும். கிள்ளினால்தான் பக்கத்தாலை கிளைச்சுப் பத்தையாய் வரும். இப்ப கனவிலையும் கிள்ளுறன்." மற்றது கிருசாந்தி. மனைவி கிருசாந்தியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மேல்மாடி அறையில் இருந்தார்கள். சின்னவளுக்கு ஒரு வயதாக இருக்கும்போது அவன் விமானம் ஏறியவன். இங்கே அவனுக்கு இருந்தது வேலை செய்ய மட்டும் விசா. நிரந்தரமாக இருக்க விண்ணப்பம் போட்டு, அது சரிவந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அதற்கு முதலாளி, இவனுக்கு இங்கே நிலையான வேலை இருக்கிறது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று வருசம் ஒழுங்காக வேலை செய்தால் எழுதித் தருவேன் என்று சொல்லியிருந்தாராம்.

"நல்ல மனிசன் மாமி. சத்தம் போடமாட்டார். ஆனால் சொன்னால் சொன்னதுதான்."

இங்கே குளிர்காலமான ஆடி, ஆவணி மாதங்களில் பூசைக்குப் பூ இருக்காது. மண்டபத்துப் பூசைக்குப் பூ கொண்டுபோவது இராசமலரின் பொறுப்பு. முற்றத்துச் செவ்வரத்தை குளிருக்குள் மொட்டை மூடிக்கொண்டு நிற்கும். சுப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் சுற்றி விற்கிற கார்னேசனைத்தான் படங்களுக்கு வைப்பாள். வைத்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதம், சோறு போட்டுக்கொண்டு நின்று அதைச் சொல்லிப் புலம்பினபோது, மகேசன் தெரியாத்தனமாக வாயைத் திறந்துவிட்டான்.

"எங்கடை முதலாளி ஒரு செவ்வரத்தை எடுத்திருக்கிறார் மாமி. தானே மகரந்தம் மாத்தி மாத்தி உண்டாக்கினது. நடுக்குளிருக்கையும் பூக்குது. கடும் சிவப்பு, ஓரத்திலை மட்டும் செம்மஞ்சள். இன்னும் கடைக்கு விடேல்லை."

"அதிலை நட ஒரு தடி முறிச்சுக்கொண்டு வாவன்."

"ஏலாது மாமி. அந்த மரத்தைத் தன்ரை பேரிலை பதிஞ்சு வைச்சிருக்கிறார். கழிச்சு எறியிற கொப்புக்கூட வெளியிலை போகக்கூடாது."

"பதியிறதோ? பூமரத்தையோ? அது என்ன காணியோ?"

"காணி மாதிரித்தான்."

இராசமலருக்கு அது தலைக்குள் போகவில்லை. செவ்வரத்தையை ஆராவது காசு கொடுத்து வாங்கியோ உத்தரவு கேட்டோ வளர்த்ததை அவள் காணவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு தடி தாருங்கோ என்றால், அந்தப் பக்கம் நிற்கிறவள் முறித்துத் தருவாள். சண்டை பிடித்துக் கதைபேச்சு இல்லாத வீட்டுக்காரிகூடத் தடி கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டாள்.

"எடேய், நான் என்ன வேரோடையோ கேட்டனான்? எறியிற கொப்பிலை ஒரு தடி. சாமிக்குத்தானே."

மகேசன் சொதியைச் சோற்றோடு குழைத்தான்.

"விடுமப்பா. அவன் ஏலாது எண்டுறான்," என்றார் தியாகலிங்கத்தார்.

"ஓம், ஓம். மாமி எண்டு கூப்பிட மட்டும் ஏலும்."

சொன்னது பகிடிக்குத்தான். அடுத்த மாதம் அவன் வந்தபோது சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தான். ஈரப் பேப்பருக்குள் மூன்று தடிகள் இருந்தன. கீழ் இலை கழித்து, மேல் இலையைப் பாதியாக வெட்டி, நேர்சரியில் செய்கிற முறைப்படி சுத்தமாக எடுத்திருந்தான்.

"மூண்டு இருக்கு. ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ மாமி."

"நான் ஆருக்குக் குடுக்கப்போறன்," என்றாள் இராசமலர். மனதாரத்தான் சொன்னாள்.

மூன்றும் பிடித்தன. மேட்டில், முழு வெயிலில், ஒரு வருசத்துக்குள் இடுப்பளவு வந்துவிட்டன. தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடிக் குளிரில், பக்கத்து வீட்டுப் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்த ஒரு காலையில், அவளுடைய முற்றத்தில் பதினொரு பூ விரிந்திருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மண்டபத்தில் எல்லாரும் பூவைத்தான் பார்த்தார்கள். எங்கே வாங்கினது என்று கேட்டவர்களுக்கு, "தெரிஞ்ச ஆக்கள் தந்தது," என்று சொல்லிச் சமாளித்துவிட்டாள்.

புரட்டாதியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட வேண்டும் என்று மகேசன் சொல்லியிருந்தான். வெட்டினாள். வெட்டின கொப்புகள் புல்லில் குவிந்து கிடந்தபோது பூங்கோதை காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். திண்டுக்கல் பக்கத்துப் பெண். புருசன் ராம்பிரசாதுக்குக் கம்ப்யூட்டர் வேலை, இவளுக்கு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை. பூசைப் பாத்திரம் ஏற்றி இறக்குவதெல்லாம் அவளுடைய காரில்தான். நல்ல மனம், ஓயாத கை.

"ஐயோ அம்மா, இத்தனை கொப்பையும் குப்பையிலயா போடப்போறீங்க? நான் எடுத்துக்கட்டுமா?"

அந்த இடத்தில்தான் இராசமலர் சறுக்கினாள். ஒருத்தருக்கும் கொடுக்காதே என்று அவன் சொன்னது நினைவில்லாமல் இல்லை. ஆனால் தன்னுடைய முற்றத்தில் நின்று, கீழே கிடக்கிற கொப்பை ஒரு பெண் வாய்விட்டுக் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல, அவளுடைய அறுபத்தொரு வயதில் நாக்குப் பழகியிருக்கவில்லை. நான் கொடுக்கவில்லையே, கிடந்ததைத்தானே எடுக்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, "எடுத்துக்கொண்டு போ பிள்ளை," என்றாள்.

பூங்கோதை கண்ணாடி போட்ட போர்ட்டிகோவில், ஐஸ்கிரீம் டப்பாக்களில் அத்தனையையும் குத்திவைத்தாள். இருபத்திநாலு பிடித்தன. பிடித்ததைக் கண்டதும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அடுத்த பங்குனியில் கோயில் நிதிக்காக மண்டபத்தில் ஒரு விற்பனை வைத்தார்கள். இராசமலர் வடைத் தட்டோடு உள்ளே போகிறாள், நீட்டு மேசையில் இருபத்திநாலு சாடி வரிசையாக இருக்கிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு டொலர் என்று எழுதி ஒட்டியிருக்கிறது.

தட்டை ஒரு மூலையில் வைத்துவிட்டு மேசைக்குப் போனாள். ஆனால் அதற்குள் ஆட்கள் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். என்ன சொல்லி நிறுத்துவது? சாமி காரியம் என்று நினைத்துக்கொண்டாள். முழங்கால் நோவோடு, பாதிச் சாடியை அவளே கார்வரை தூக்கிக் கொடுத்தாள். மகேசனுக்கு அன்றைக்கு வேலை. அவனுக்கு அவள் சொல்லவும் இல்லை.

வாங்கினவர்களில் ஒரு வெள்ளைக்காரி இருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்து ரீச்சர். அவள் அதைத் தன் வீட்டு வாசலில் வைத்திருக்கிறாள். ஆடி மாதம் அது பூத்திருக்கிறது. தங்கச்சி வீட்டுக்குச் சாப்பிட வந்த அண்ணன் வாசலில் நின்று பூவைப் பார்த்தாராம். அவர்தான் மகேசனின் முதலாளி. தமிழாக்களின் விற்பனையில் வாங்கினது என்று தங்கச்சி சொல்ல, அவருக்கு ஆள் பிடிபட்டிருக்கிறது. அந்த மரம் அந்த வருசம் குளிர் முடிய வருகிற வசந்தத்தில்தான் முதன்முதலாகக் கடைக்குப் போக இருந்தது.

இதெல்லாம் இராசமலருக்குத் தெரியவந்தது மகேசன் வழக்கமாக வருகிற ஞாயிறு வராமல் விட்டபிறகு. அவள்தான் டெலிபோன் எடுத்தாள்.

"வேலைக்குப் போகேல்லை மாமி. நிப்பாட்டேல்லை. வீட்டிலை நிக்கச் சொல்லியிருக்கினம். இரண்டு கிழமையிலை முடிவு சொல்லுவினமாம்."

"ஏன்ரா தம்பி?"

சொன்னான். குரலில் கோபம் இல்லை. விற்பனையைப் பற்றியும் முதலாளி வாயால்தான் அவன் கேட்டிருக்கிறான்.

"ஆருக்குக் குடுத்தனி எண்டு கேட்டவரோ?"

"கேட்டவர்."

"நீ என்ன சொன்னனி?"

"எடுத்தது நான் எண்டு சொன்னன். அதுக்கு மேலை என்னத்துக்கு."

"கடிதம்?"

"இமிகிரேசனிலை இருந்து இந்த மாதம்தான் கேட்டிருக்கினம். மாதக் கடைசிக்குள்ளை குடுக்கவேணும்." பிறகு, "கிருசாந்திக்கு இன்னும் சொல்லேல்லை," என்றான்.

இராசமலர் டெலிபோனை வைத்துவிட்டு அப்படியே கீழே இருந்துவிட்டாள். அவன் ஒரு சொல்லுப் பேசியிருந்தால், நாசம் பண்ணினது நீங்கள்தானே என்று கேட்டிருந்தால், அவளுக்கு ஆறியிருக்கும். மூன்று வருசத்துக்கு மேலாகப் பெண்டாட்டி பிள்ளைகளை ஒரு அறைக்குள் விட்டுவிட்டு வந்து கிடக்கிறவன். அந்த அறையின் திறப்பு ஒரு கடிதத்தில் இருந்தது.

பின்னேரம் எழும்பி, பழைய கலண்டர்த் தாளைக் கிழித்துத் தியாகலிங்கத்தாரின் கையில் கொடுத்தாள்.

"எழுதுங்கோ. ஆரார் அந்தச் சாடி வாங்கினது எண்டு சொல்லுறன்."

"இருபத்திநாலும் உமக்கு ஞாபகம் இருக்கோ?"

"சாடி ஞாபகமில்லை. ஆக்கள் ஞாபகம் இருக்கு. ஜெயரட்ணத்தின்ரை மனிசி ரெண்டு. அவ அளவெட்டி, உங்கடை சித்தப்பாவின்ரை மருமகளுக்கு மச்சாள். விநாயகமூர்த்தியின்ரை மூத்தவள் ஒண்டு. அவள் இப்ப வீடு மாறிச் சான்ட்ரிங்காமிலை இருக்கிறாள்..." ஒவ்வொருத்தருக்கும் உறவைச் சொல்லி, உறவைப் பிடித்து வீட்டைச் சொன்னாள். இந்தியாக்காரரின் வீடுகளைப் பூங்கோதை சொன்னாள். விசயம் கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "நான் பண்ணின பாவம்மா இது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா தொட்டே இருக்கமாட்டேனே," என்று அழுதாள்.

"சொல்லாதது என்ரை பிழை. நீ காரை எடு," என்றாள் இராசமலர்.

ஐந்து நாள். பூங்கோதை வேலை முடித்து வந்ததும் புறப்படுவார்கள். மழை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, விற்றதைத் திருப்பிக் கேட்க வேண்டும். புளொக்ஹவுஸ் பேயில் சோதிலிங்கம் மாஸ்டர் கதவை அரைவாசிதான் திறந்தார்.

"காசு குடுத்து வாங்கினது இராசமலர். பூத்துச் சாமிக்கும் வைச்சாச்சு. இப்ப வந்து திருப்பித் தா எண்டால்?"

"பாவத்தை நான் எடுக்கிறன் மாஸ்டர். நீங்கள் கண்டை எடுத்துத் தாங்கோ."

"ஆற்றையோ பெடியனுக்காக நீர் ஏன் மழையுக்கை அலையிறீர்?"

"ஆற்றையோ இல்லை. என்ரை தாயின்ரை ஒண்டுவிட்ட தமக்கையின்ரை பேரன். உங்கடை மனிசிக்கும் தூரத்திலை சொந்தம், சொல்லட்டோ?"

மாஸ்டர் மண்வெட்டியைத் தேடிப் போனார்.

இப்படிப் பதினைந்து கைக்கு வந்தன. இரண்டு ஹமில்டனுக்குப் போய்விட்டன. அவர்கள் டெலிபோனில் திட்டிவிட்டுப் பிடுங்கி எறிந்தார்கள். ரீச்சரின் ஒன்றை முதலாளியே எடுத்துவிட்டார். மிச்சம் ஆறு ஏற்கெனவே செத்துப்போயிருந்தன. ஏன் செத்தது என்று அவள் கேட்கத் தேவையில்லாமல், வட்டமாகக் கட்டின பாத்தியும் அதற்குள் நின்ற தண்ணீரும் கண்ணுக்கு முன்னால் கிடந்தன.

கடைசியாகத் தன்னுடைய மூன்றையும் கிளப்பினாள். நெஞ்சளவு வளர்ந்து, பூவும் மொட்டுமாக நின்ற மரங்கள். அவளும் பூங்கோதையும் மாறி மாறிக் களிமண்ணை வெட்டினார்கள். வேர் அறுகிற சத்தம் வரும்போதெல்லாம் பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டாள். இராசமலருக்குக் கண்ணை மூடவும் களைப்பாக இருந்தது.

நேர்சரி முதலாளி நெட்டையான, முதுகு கூனின மனிதர். மூக்குக்கண்ணாடியில் மண் தெறித்திருந்தது. காரின் பின்பக்கத்திலிருந்தும் ராம்பிரசாத் இரவல் வாங்கித் தந்த ட்ரெய்லரிலிருந்தும் செடிகளை இறக்கி அவருக்கு முன்னால் வரிசையாக வைத்தார்கள். இராசமலர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு புருசனைப் பார்த்தாள்.

"சொல்லுங்கோ. களவுக்குக் காரணம் அவன் இல்லை, நான். கேட்டது நான், குடுத்ததும் நான். வித்ததை அவன் அறியான் எண்டு சொல்லுங்கோ."

தியாகலிங்கத்தார் தொடங்கினார். கையை அசைத்து, நெஞ்சில் கையை வைத்து, நெடுநேரம் கதைத்தார்.

"என்ன இவ்வளவு நேரம்? நான் சொன்னது நாலு சொல்லு."

"இங்கிலீசிலை கொஞ்சம் சுத்தித்தானப்பா சொல்லவேணும்."

முதலாளி குனிந்து, அவளுடைய பெரிய மரத்தின் அடித்தண்டைத் தடவிப் பார்த்தார். வேரைப் பார்த்தார். பிறகு கவிழ்த்துவைத்த ஒரு பெட்டியில் பாரமாக இருந்துகொண்டு கதைத்தார். தியாகலிங்கத்தார் துண்டு துண்டாகத் தமிழில் சொன்னார். இந்த மரத்தை உண்டாக்கப் பதினொரு வருசம் போனதாம். இதற்கு முதல் உண்டாக்கினதை ஆரோ தடி எடுத்துப் பெருக்கிச் சந்தையில் விற்று, அவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லையாம். அதனால்தான் இந்தச் சட்டமாம். மகேசன் கெட்டவன் இல்லை என்று தெரியுமாம். ஆனால் இங்கே பதினாலு பேர் வேலை செய்கிறார்கள், ஒருத்தனை விட்டால் மற்றவர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்கிறாராம்.

"அப்ப கடிதம்?"

தியாகலிங்கத்தார் கேட்டார். முதலாளி தலையை ஆட்டினார். இல்லாத வேலையை இருக்கிறது என்று எழுதமாட்டாராம். மூன்று வருசம் ஒரு நாள்கூடப் பிந்தி வராமல் வேலை செய்தவன், நல்ல வேலைக்காரன் என்று எழுதித் தருவாராம். வேறு இடத்தில் வேலை தேட உதவும் என்கிறாராம்.

"அந்தக் கடிதத்துக்குப் பெண்டாட்டி பிள்ளையள் வருங்களோ எண்டு கேளுங்கோ."

தியாகலிங்கத்தார் அதை இங்கிலீசில் சொல்லவில்லை. "அது அவருக்குத் தெரியாது இராசமலர். வாரும், போவம்," என்றார்.

மாதக் கடைசியில் மகேசனின் விண்ணப்பம் திரும்பி வந்தது. முதலாளி எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கொண்டு ஐந்தாறு இடம் ஏறி இறங்கினான். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எடுத்தார்கள். ரானுயியில் இருந்து அங்கே போக ஒரு ரயில், இரண்டு பஸ். போக ஒன்றேமுக்கால் மணித்தியாலம், வர ஒன்றேமுக்கால். விசாவை மாற்றி, திரும்பவும் முதலில் இருந்து எல்லாத் தாளும் சேர்த்து விண்ணப்பம் போட்டான். வெள்ளவத்தை அறைக்கு இன்னும் ஒன்றரை வருசம் காசு அனுப்பினான்.

மாதத்தில் ஒரு ஞாயிறு லின்ஃபீல்டுக்கு வருவதை மட்டும் அவன் விடவில்லை. வந்து சாப்பிட்டான், கதிரையில் நித்திரை கொண்டான். முற்றத்துப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் இராசமலருக்குப் பொறுக்க முடியவில்லை. அவன் கை கழுவிவிட்டு வரும்போது வழியில் மறித்து நின்றாள்.

"என்னை ஒருக்கால் பேசன் தம்பி. வாயைத் திறந்து ஏசிவிடன். எனக்கு நித்திரை வருகுதில்லை."

மகேசன் துவாயால் கையைத் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான்.

"களைப்பாய் இருக்கு மாமி," என்றான். போய்க் கதிரையில் இருந்தான்.

இரண்டாவது விண்ணப்பம் சரிவந்து, தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு தை மாதம் கிருசாந்தியும் பிள்ளைகளும் வந்தார்கள். விமான நிலையத்துக்கு இராசமலரும் போனாள். பெரியவள் தகப்பனின் தோளுக்கு வளர்ந்திருந்தாள். ஒரு வயதில் விட்டுவிட்டு வந்த சின்னவள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவரோ அப்பா?" என்று கேட்டாள். கிருசாந்தி ஓம் என்றாள். பெட்டிகள் நாலைந்து இருந்தன, அதைத் தூக்க வேண்டியிருந்தது.

மகேசன் இப்போது ரானுயியில் இரண்டு அறை வாடகை வீட்டில் கிருசாந்தியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் இருக்கிறான். ஈஸ்ட் டாமாக்கி அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் காலை ஏழு மணி வேலை. விடிய ஐந்துக்கு வீட்டால் வெளிக்கிடுகிறான்.